கொல்லைப்புறம் போனால் போன் ஏன் அடிப்பதில்லை?

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. ஒருநாள் காலையில் இயந்திரம் பழுதாகிவிட்டது, மதியம் வந்தால் போதும் என்று சொல்ல நிலையத்திலிருந்து தாதி மூன்று தடவை அழைத்திருக்கிறார். ஒரு அழைப்பும் வந்து சேரவில்லை. அம்மா வழக்கம்போல விடியற்காலையிலேயே கிளம்பிப் போய், பூட்டிய அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

“போனு கையிலதான்டா இருந்துச்சு. கொல்லையில கீரை பறிச்சிக்கிட்டு இருந்தேன். லைனும் இருந்துச்சு. அடிக்கவே இல்ல” என்றார்.

முதலில் நான் நம்பவில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார், பையில் போட்டிருப்பார் என்றே நினைத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை அவர் போனை நானே எடுத்துக்கொண்டு, கூடத்திலிருந்து வாழைக்கன்று வரை நடந்தபடி தம்பியை அழைக்கச் சொன்னேன். கூடத்தில் அடித்தது. சாலையோரம் நின்றபோது அடித்தது. கொல்லையில், துணிக்கொடிக்கும் வாழைக்கும் இடைப்பட்ட பத்தடியில் மட்டும் அடிக்கவில்லை. திரையில் வைஃபைக் குறி ஒரு கோடு, கைப்பேசிக் கோபுரக் குறி மூன்று கோடு. அம்மா சொன்னது அத்தனையும் உண்மை.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்பில், எங்கள் வீடு இருக்கிறது. பின்வேலிக்கு அப்பால் செம்பனை. தோட்டப்புறத்தில் போன் கிடைக்கவில்லை என்றால் எல்லாரும் கோபுரத்தைத்தான் குறை சொல்வோம். இன்னொரு கோபுரம் வேண்டும் என்று மனு எழுதுவோம். பல இடங்களில் அது நியாயமான மனுதான். ஆனால் அலை இருக்கும் இடத்திலேயே அழைப்பு தொலைந்து போகிறதென்றால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு போனுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டுமானால், அது இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்பதை யாராவது ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வைத்திருக்கிறார்கள், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள், இரண்டு பதிவேடு ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது செல்லும் என்பதில்தான் இந்தத் துறையின் பாதி வரலாறு அடங்கியிருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். இருட்டுப் பிரியாத நேரத்தில் ஆபீஸ் முன்னால் எல்லாரும் கூட, கிராணி என்ற தோட்டத்து எழுத்தர் புத்தகத்தை விரித்துப் பெயர் பெயராகக் கூப்பிடுவார். குரல் கொடுத்தால் பேர் விழும். அதன்பின் இன்னார் இன்ன தண்டலுடன் (மேற்பார்வையாளருடன்) இன்ன காட்டுக்கு, அதாவது தோட்டத்தின் இன்ன பகுதிக்கு, என்று பிரிந்து போவார்கள். பகலில் ஒருவருக்கு அவசரச் செய்தி வந்தால் கிராணி புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பையன் ஒருவனைச் சைக்கிளில் அனுப்புவார். அவன் மரம் மரமாகத் தேடமாட்டான். அந்தக் காட்டின் ஓரத்தில் நின்று பெயரைச் சொல்லிக் கூவுவான். பதில் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போவான்.

கைப்பேசிக் கட்டமைப்பு செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். உங்கள் சிம் கார்டை விற்ற நிறுவனத்திடம் ஒரு வீட்டுப் பதிவேடு இருக்கிறது. அதில் உங்கள் போன் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்று எழுதியிருக்காது. எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற அளவில்தான் கட்டமைப்பு கணக்கு வைத்திருக்கும். ஒரு பகுதி என்பது பல கோபுரங்கள் சேர்ந்தது. அழைப்பு வந்ததும் அந்தப் பகுதியிலுள்ள கோபுரங்கள் உங்கள் அடையாள எண்ணைச் சொல்லிக் கூவும். போன் அதைக் கேட்டுப் பதில் சொன்ன பிறகே எந்தக் கோபுரம் என்பது உறுதியாகும்.

சட்டைப்பையில் சும்மா கிடக்கும் போன் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அப்படிக் கேட்டால் மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். 4ஜியில் பரவலாக வைக்கப்படும் இடைவெளிகளில் ஒன்று 1.28 வினாடி. அத்தனை வினாடிக்கு ஒருமுறை கண் விழித்து, என் பெயர் கூவப்படுகிறதா என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடும். எங்கும் போகாமல் ஒரே இடத்தில் இருந்தாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை, தரநிலையின் இயல்பு அளவு 54 நிமிடம், “இங்கேதான் இருக்கிறேன்” என்று பதிந்துகொள்ளும். நாம் பார்க்காத நேரத்திலும் பேட்டரி குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பகுதியை எவ்வளவு பெரிதாக வகுப்பது? பெரிதாக வகுத்தால் ஒரே ஓர் ஆளைத் தேட ஊர் முழுக்கக் கூவ வேண்டும். சிறிதாக வகுத்தால் போன் ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் பதிவு மாற்ற வேண்டும். எங்கள் ஊர் நிலையத்தில் நிற்கும் இ.டி.எஸ். மின்ரயிலை எண்ணிப் பாருங்கள். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை போகக்கூடிய வண்டி அது. எல்லைக் கோட்டை அது தாண்டும் அந்தக் கணத்தில் பெட்டிகளில் இருக்கும் அத்தனை போன்களும் ஒரே மூச்சில் பதிவு மாற்றக் கேட்டால் அந்தப் பக்கத்துக் கோபுரம் திணறிவிடும். இதற்காக 4ஜியில் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு போனுக்கும் ஒரே பகுதியைக் கொடுக்காமல் 16 பகுதிகள் வரை அடங்கிய ஒரு பட்டியலைக் கொடுத்துவிடலாம். பட்டியலுக்குள் எங்கே போனாலும் பதிவு மாற்ற வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் பட்டியல் வேறுபடலாம் என்பதால் எல்லாரும் ஒரே இடத்தில் எல்லை தாண்டுவதையும் தவிர்க்க முடிகிறது. இந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. கூவுகிறவனின் சுமையையும் பதிகிறவனின் சுமையையும் இத்தனை எளிமையாகச் சமன் செய்திருக்கிறார்கள்.

பேசிக்கொண்டே நகரும்போது கதை வேறு. அப்போது தேடல் இல்லை, கைமாற்றம்தான். நிலப்பரப்பைச் சிறு சிறு கூடுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபுரம் என்ற யோசனை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947இலேயே எழுத்தில் வந்துவிட்டது. பேச்சு அறுபடாமல் ஒரு கூட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் முறைக்கு அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஏமோஸ் ஜோயல் 1972இல் காப்புரிமை பெற்றார். இன்றும் அடிப்படை அதுவே. போன் தன்னைச் சுற்றியுள்ள கோபுரங்களின் வலுவை அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக் கட்டமைப்பு முடிவெடுக்கும்.

பக்கத்துக் கோபுரம் கொஞ்சம் வலுவாகத் தெரிந்த உடனே மாற்றிவிடக்கூடாது. செம்பனை ஓலை ஒருமுறை காற்றில் அசைந்தாலே அளவு மாறும். அதனால் பக்கத்துக் கோபுரம் சில டெசிபெல் (அலையின் வலுவை ஒப்பிடும் அலகு) கூடுதலாக, அதுவும் தொடர்ந்து சிறிது நேரம் இருந்தால்தான் மாற்றம் நடக்கும். 3 டெசிபெல் என்றால் ஆற்றல் இருமடங்கு. காத்திருக்கும் நேரத்தை 320 மில்லிவினாடி என்று வைத்தால் 140 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் 12 மீட்டருக்கு மேல் ஓடிவிட்டிருக்கும். திறந்த வெளியில் அது ஒன்றுமில்லை. ஆனால் பேராக்கின் இந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் குன்றுகளின் நாடு. குன்று ஒன்று திடீரென்று குறுக்கே வந்தால் பழைய கோபுரம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். கைமாற்றம் நடக்க இரண்டு பக்கமும் கொஞ்ச நேரமாவது கேட்க வேண்டுமே. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே மெனோரா சுரங்கப்பாதைக்குள் பேருந்து நுழையும்போது இதை நினைத்துக்கொள்வேன். உள்ளே அலை கிடைக்க வேண்டுமானால் உள்ளேயே ஆன்டெனா வேண்டும், வாயிலில் இரண்டு அலையும் சிறிது தூரம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கவும் வேண்டும்.

இதுவரை சொன்னது தொலைபேசிக்காரர்கள் வளர்த்த உலகம். ஆள் நகர்வான் என்று தெரிந்தே கட்டிய உலகம். இணையம் அப்படிக் கட்டப்படவில்லை. இணையத்தை வடிவமைத்தபோது கணினி என்பது அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பொருள். அது எங்கே போகப்போகிறது? அதனால் இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கப்படும் எண்ணான ஐபி முகவரி ஒன்றுக்கே இரண்டு வேலை கொடுத்தார்கள். இது யார் என்று சொல்வதும் அதுதான், எங்கே இருக்கிறது என்று சொல்வதும் அதுதான்.

தோட்டத்து முகவரியும் அப்படித்தான் இருந்தது. பெயர், லயம் (தொழிலாளர் வரிசை வீடு), தோட்டம், சுங்கை சிப்புட், பேராக். தோட்டத்தின் பெயரைச் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆளைச் சொன்னால் தோட்டம் தெரியும். ஆபீசுக்கு வரும் கடிதக் கட்டைக் கிராணி பிரித்துக் கொடுப்பார். பிறகு பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது குடும்பங்கள் சிதறின. வேலையும் வீடும் ஒன்றாகப் போனதோடு முகவரியும் போனது. எங்கள் ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியது இந்தத் துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கட்டும் என்றுதான். அந்த 1960களில் பொதுப்பணியோடு அஞ்சல், தொலைத்தொடர்புத் துறையையும் கவனித்த அமைச்சர் அவர்தாம் என்பதைப் படிக்கும்போதெல்லாம் சற்று நின்றுவிடுவேன். நிலம் போனால் கடிதமும் போகும் என்பது அவர் மேசையில் இரண்டு கோப்புகளாகவும் வந்திருக்கும்.

எங்கள் தாத்தா தோட்டம் மாறியபோது பழைய கிராணி ஒரு நல்ல காரியம் செய்தார். வரும் கடிதத்தின் மேல் பழைய முகவரியை அடித்து, “மே/பா” என்று போட்டுப் புதிய இடத்தில் ஒரு மளிகைக்கடையின் பெயரை எழுதித் திருப்பி அனுப்புவார். மேற்பார்வை என்பதன் சுருக்கம் அது. ஆள் என்னவோ அந்தத் தாத்தாதான். இப்போதைக்கு இந்தக் கடையில் கொடுத்தால் கிடைக்கும்.

இணையத்தின் தீர்வும் இதுவாகத்தான் வந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்து, சார்ல்ஸ் பெர்க்கின்ஸ் தொகுத்த நெறிமுறையை, அதாவது கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளை, 1996 அக்டோபரில் வெளியிட்டார்கள். மொபைல் ஐபி என்று பெயர். போனுக்கோ மடிக்கணினிக்கோ நிரந்தர வீட்டு முகவரி ஒன்று. எங்கே போகிறதோ அங்கே தற்காலிகமாக ஒரு மே/பா முகவரி. வீட்டுக் கட்டமைப்பில் ஒரு முகவர் உட்கார்ந்திருப்பார். போன் புதிய இடத்துக்குப் போனதும் அவரிடம் பதிவு செய்யும். வீட்டு முகவரிக்கு வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் (இணையத்தில் தரவு போகும் சிறு துண்டு) அவர் இன்னொரு உறைக்குள் போட்டு, மேலே மே/பா முகவரியை எழுதி அனுப்பிவைப்பார். எழுதுகிறவருக்கு ஆள் நகர்ந்ததே தெரியவேண்டியதில்லை.

எண்ணம் அழகானது. நடைமுறையில் மூன்று இடத்தில் இடறியது. முதலாவது சுற்றுவழி. ஈப்போவிலிருக்கும் மாமா, ஈப்போவுக்கே குடிபோய்விட்ட அக்காளுக்கு எழுதிய கடிதம் சுங்கை சிப்புட் வந்து, அங்கிருந்து மறுபடி ஈப்போ போகிறது. பக்கத்துத் தெருவுக்கு 60 கிலோமீட்டர் பயணம். இரண்டாவது, வெளியூரிலிருந்து கொண்டு வீட்டு முகவரியை அனுப்புநராகப் போட்டு நேரே அனுப்பும் பொட்டலத்தைப் பல கட்டமைப்புகள் வாசலிலேயே தடுக்கத் தொடங்கின. பொய் முகவரி போட்டு நடத்தும் தாக்குதல்களைத் தடுக்க அந்தக் கட்டுப்பாடு தேவைப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அதுவே பரிந்துரைக்கப்பட்ட நல்வழக்கமானது. மூன்றாவதுதான் ஆழமானது. “என் கடிதத்தை எல்லாம் இனிமேல் இந்த முகவரிக்கு அனுப்புங்கள்” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றால், திருடன்தான் முதலில் சொல்வான்.

ஐபி ஆறாம் பதிப்புக்காக 2004இல் வந்த மொபைல் ஐபி வடிவம் இந்த மூன்றையும் ஒருசேரப் பிடித்தது. வீட்டு முகவரைச் சுற்றாமல் இருவரும் நேரே பேசிக்கொள்ள வழி செய்தது. அதற்கு முன்னால் ஒரு சோதனை. எதிர்ப்பக்கத்துக்காரர் இரண்டு துண்டுச் சீட்டு அனுப்புவார். ஒன்று பழைய வீட்டு முகவரி வழியாக, இன்னொன்று புதிய முகவரிக்கு நேரடியாக. இரண்டும் ஒரே ஆள் கையில் சேர்ந்தால்தான் அந்த வீட்டுக்காரர் உண்மையில் அந்தப் புதிய இடத்தில் இருக்கிறார் என்று பொருள். அந்த நம்பிக்கையும் 420 வினாடிக்கு மேல் செல்லாது. ஏழு நிமிடம் ஆனதும் மறுபடி சோதிக்க வேண்டும். முன்பின் பழக்கமில்லாத இரண்டு கணினிகள் நடுவில் சாட்சி இல்லாமல் நம்பிக்கை வளர்த்துக்கொள்ளும் இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனாலும் மொபைல் ஐபி நம் கைக்கு வரவில்லை. நுட்பத்தில் பெரிய பிழை இல்லை. வீட்டு முகவர் வேலையை எனக்காக யார் பார்ப்பது? அந்தப் பதிவேட்டை எனக்காகத் திறந்து வைப்பதில் யாருக்கு என்ன வருமானம்? அதற்குப் பதில் கிடைக்காததுதான் காரணம் என்பது என் கருத்து. பழைய கிராணி நல்ல மனிதர், சம்பளமில்லாமல் செய்தார். இணையத்தில் அப்படி ஒரு கிராணி அமையவில்லை.

அந்த வேலையைக் கைப்பேசி நிறுவனங்கள் தங்கள் வேலிக்குள் எடுத்துக்கொண்டன. இன்று உங்கள் போன் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை பல கோபுரங்களைத் தாண்டிப் போனாலும் அதன் ஐபி முகவரி பொதுவாக மாறுவதில்லை. நிறுவனத்தின் உள்ளே எங்கோ ஒரு நுழைவாயில் நங்கூரம்போல நிற்கிறது. அங்கிருந்து நீங்கள் நிற்கும் கோபுரம் வரை ஒரு குழாய். கோபுரம் மாறினால் குழாயின் இந்த நுனியை மட்டும் பிடுங்கி அடுத்ததில் செருகுகிறார்கள். போனுக்குத் தெரியாமலே இதைச் செய்துகொள்ளும் இன்னொரு நெறிமுறையை 2008இல் இணையத் தரநிலைக்காரர்களும் வெளியிட்டார்கள். ஒரே நிறுவனத்தின் வேலிக்குள் இருக்கும்வரை, நகரும் போனைத் தொடர்ந்து பிடித்து வைத்திருப்பது ஏறக்குறைய தீர்ந்துவிட்ட சிக்கல்.

வேலியைத் தாண்டும்போதுதான் ஓட்டை. தாண்டுகிற இடம் எங்கள் வீட்டுக் கொல்லை.

கோபுரத்துக்கும் வைஃபைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோபுரங்களுக்கு நடுவே பேசிக்கொண்டு போகும் போனை எப்போது மாற்றுவது என்று கட்டமைப்பு முடிவெடுக்கிறது. வைஃபையில் போனே முடிவெடுக்கிறது. ரூட்டருக்கு அக்கம்பக்கம் தெரியாது. போனோ பிடித்ததை எளிதில் விடாது. வீட்டு வைஃபைக்குக் கட்டணக் கணக்கு இல்லை, பேட்டரியும் குறைவாகச் செலவாகும் என்று அதைக் கடைசிக் கோடு வரை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரே உரிமையாளரின் பல ரூட்டர்களுக்கு நடுவில் வேகமாக மாறும் தரநிலை 2008இலேயே வந்துவிட்டது. ஆனால் அது மருத்துவமனை, பல்கலைக்கழகம் போன்ற இடத்துக்கு உதவும். என் வைஃபையிலிருந்து ஒரு நிறுவனத்தின் கோபுரத்துக்குப் போவதற்கு அது வழி சொல்லவில்லை.

இதோடு வைஃபை வழி அழைப்பு என்ற வசதியைச் சேர்த்துப் பாருங்கள். வீட்டுக்குள் கோபுர அலை மங்கலாக இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. அம்மாவின் போனில் அதனால்தான் நானே அதைத் திறந்து வைத்திருந்தேன். போன் வீட்டு இணையம் வழியாக நிறுவனத்தின் வாசல்வரை பூட்டிய குழாய் ஒன்றைப் போட்டு, “எனக்கு வரும் அழைப்பை இதன் வழியாக அனுப்புங்கள்” என்று பதிந்துகொள்கிறது. பதிவேட்டில் இப்போது அம்மாவின் முகவரி வைஃபை. அம்மா கொல்லைக்குப் போகிறார். அலை சுவரையும் ஜன்னல் கம்பியையும் தாண்டி ஒரு கோடாக இளைக்கிறது. பத்துப் பொட்டலத்தில் ஏழு தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் இன்னும் விடவில்லை. தாதி அழைக்கிறார். நிறுவனம் பதிவேட்டைப் பார்த்து வைஃபைக் குழாய்க்குள் அழைப்பை அனுப்புகிறது. அது பாதி வழியில் தொலைகிறது. பக்கத்தில் மூன்று கோடு காட்டும் கோபுரத்தை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் பதிவேட்டில் அது இல்லை. சில நிறுவனங்கள் பதில் வராதபோது கோபுரம் வழியாகவும் ஒருமுறை முயன்று பார்க்கும்படி வைத்திருக்கலாம். எங்களுக்கு அன்றைக்கு அது நடக்கவில்லை. ஆள் இடம் மாறிவிட்டார், புத்தகம் மாறவில்லை.

தோட்டத்துக்குள்ளே இன்னும் லயத்து வீட்டில் இருக்கும் அத்தைக்கு வேறொரு சிக்கல். அவர் வைத்திருப்பது பழைய மலிவுப் போன். 4ஜி இணையம் வரும், ஆனால் 4ஜியிலேயே குரல் அழைப்பு எடுக்கும் வசதி அதில் வேலை செய்யவில்லை. அப்படிப்பட்ட போனுக்கு அழைப்பு வந்தால் 4ஜியில் கூவல் கேட்கும். உடனே போன் பழைய தலைமுறைக் கட்டமைப்புக்கு இறங்கிப் போய் அங்கே அழைப்பை எடுக்க வேண்டும். முன்பு இறங்குவதற்கு 3ஜி என்ற படி இருந்தது. 2021 இறுதியோடு நம் நாட்டில் 3ஜியை அணைத்தார்கள். இப்போது நேரே 2ஜிக்கு இறங்க வேண்டும். செம்பனை நடுவில் அந்த 2ஜி அலை இளைத்திருந்தால், கூவலைக் கேட்ட போன் பதில் சொல்லப் போன வழியிலேயே தொலைந்துவிடுகிறது. அழைக்கிறவருக்குச் சில வினாடி மௌனம், பிறகு தொடர்பில் இல்லை என்ற குரல். அத்தை கையிலிருக்கும் திரையிலோ 4ஜி பளிச்சென்று தெரிகிறது. போன் வாங்கும்போது 4ஜியா என்று கேட்பதோடு நிறுத்தாமல், உங்கள் நிறுவனத்தின் 4ஜியில் குரல் அழைப்பு வேலை செய்யுமா என்று கேளுங்கள். கடைக்காரரைச் சிம் கார்டு போட்டு ஒருமுறை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

புலனம் என்று நாம் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி எப்படி வந்து சேருகிறது? அதற்கு இன்னொரு பதிவேடு. நம் போன்களுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து நேரே தட்டக்கூடிய முகவரியே கிடையாது. ஐபி நான்காம் பதிப்பு முகவரிகள் தட்டுப்பாடானதால் ஒரே பொது முகவரியின் பின்னால் பல நூறு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். போன் உள்ளிருந்து வெளியே பேசினால் கதவு திறக்கும். பேச்சு நின்று கொஞ்ச நேரமானால் கதவு மூடிக்கொள்ளும். அதனால் போன் கூகுள் அல்லது ஆப்பிளின் சேவையகத்துக்கு ஒரு தொடர்பைத் திறந்து, அவ்வப்போது ஒரு சிறு துடிப்பு அனுப்பி அதை உயிரோடு வைத்திருக்கிறது. எந்தச் செயலிக்கு எந்த அறிவிப்பு வந்தாலும் பெரும்பாலும் அந்த ஒரே கயிற்றின் வழியாகத்தான் தூங்கும் போன் எழுப்பப்படுகிறது. கட்டமைப்பு மாறினால் கயிறு அறும். போன் புதிய இடத்திலிருந்து மறுபடி கட்டும். கயிறு அறுந்ததே போனுக்குத் தெரியாத நேரம் ஒன்று உண்டு. இளைத்த வைஃபையில் அந்த நேரம் நீளும். கொல்லையில் நின்றபோது வராத செய்திகள் கூடத்துக்குள் நுழைந்ததும் கொத்தாகக் கொட்டுவது இதனால்தான்.

பத்திரிகைகளில் அடிக்கடி கலந்து எழுதப்படும் இரண்டை இங்கே பிரித்துவிட வேண்டும். நடந்துகொண்டிருக்கும் பேச்சு அறுபடாமல் இருப்பது ஒன்று. பேசாமல் இருக்கும் ஆளைப் புதிதாகத் தேடிப் பிடிப்பது இன்னொன்று. முதலாவதில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நல்ல முன்னேற்றம். இணையத்தில் தரவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் பழைய நெறிமுறையான டிசிபியின் தொடர்பு இரண்டு முனைகளின் முகவரியையும் (எந்தச் செயலிக்கு என்று காட்டும்) வாயில் எண்களையும் வைத்துத்தான் தன்னை அடையாளம் காண்கிறது. முகவரி மாறினால் செத்துவிடும். ஒரே தொடர்பை வைஃபையிலும் கோபுரத்திலும் சேர்த்து ஓட்டும் பல்வழி டிசிபி 2013இல் வந்தது. அதே ஆண்டு ஆப்பிள் தன் சிரி சேவைக்கு அதைப் பயன்படுத்தியது. 2021 மே மாதம் தரநிலையான குவிக் என்ற புதிய நெறிமுறை இன்னும் தெளிவானது. தொடர்புக்கென்றே தனி அடையாள எண் கொடுத்துவிட்டது. முகவரி மாறினாலும் எண்ணைப் பார்த்து அதே ஆள் என்று தெரிந்துகொள்ளும். உண்மையிலேயே அங்கே இருக்கிறாயா என்று ஒரு சவால் அனுப்பிப் பதில் வாங்கிய பிறகே புதிய வழியை நம்பும். பழைய துண்டுச் சீட்டுச் சோதனையின் பேரப்பிள்ளை என்றே இதைச் சொல்லலாம்.

ஆனால் குவிக்கால் அம்மாவைத் தேடிப் பிடிக்க முடியாது. அம்மா முதலில் பேசத் தொடங்கினால் அவர் கொல்லைக்குப் போனாலும் பேச்சைக் காப்பாற்றும். வெளியிலிருந்து தாதி தேடினால், யாரோ ஒருவர் வைத்திருக்கும் பதிவேட்டைத்தான் கேட்க வேண்டும். அது சிம் நிறுவனத்திடம் இருக்கும், அல்லது கூகுளிடமோ ஆப்பிளிடமோ இருக்கும். நம்மிடம் இல்லை.

அதனால்தான் தொலைபேசி எண்ணை இத்தனை கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன். தோட்டத்து முகவரி போனபின் எங்கள் மக்களுக்கு மிஞ்சிய ஒரே நிலையான முகவரி அந்த எண். வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம், அரசு உதவித்தொகை எல்லாம் அதைப் பிடித்துத்தான் வருகின்றன. டாப் அப் செய்யாமல் நாள் கடந்துபோன எண் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அணைக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம். மாதம் முழுவதும் வைஃபையிலேயே புலனம் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிமார்களுக்கு எண் செத்துப்போனது தெரியவே தெரியாது. பாட்டியின் எண் எப்போது காலாவதியாகிறது என்று பேரப்பிள்ளைகள்தாம் நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் எண்ணை வைத்துக்கொண்டே வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமை 2008 முதல் நம் நாட்டில் இருக்கிறது. புதிய சிம் கார்டு மலிவாகக் கிடைக்கிறதென்று எண்ணை மாற்றாதீர்கள்.

அம்மாவுக்கு என்ன செய்தோம்? வைஃபை இளைத்தால் கோபுரத்துக்கு மாறிக்கொள்ளும் அமைப்பு போனில் அணைந்து கிடந்தது, அதைத் திறந்தேன். அழைப்புக்கு முதலில் கோபுரம், அது இல்லாதபோது மட்டும் வைஃபை என்று மாற்றினேன். எல்லாப் போனிலும் இந்தத் தேர்வு இருப்பதில்லை, இவருடையதில் இருந்தது. கூடத்து மூலையில் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ரூட்டரை வெளியே எடுத்து நடுச்சுவரில் மாட்டினேன். சுத்திகரிப்பு நிலையத்தில் தம்பியின் எண்ணையும் இரண்டாவதாகக் கொடுத்துவைத்தோம். அடுத்த சனிக்கிழமை தம்பி மறுபடி அழைத்தான். கூடத்தில் அடித்தது. துணிக்கொடியடியில் முதல் தடவை அடிக்கவில்லை. அம்மா அங்கேயே நின்று, “இன்னொருக்கா போடச் சொல்லு” என்றார். இரண்டாவது தடவை அடித்தது. மூன்றாவது தடவை வாழையடியில், கையில் கீரையோடு எடுத்துப் பேசினார்.